வீட்டில் கட்டிய விமானத்துக்கு ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர்

(நமது சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இயந்திரவியல் துறையின் 1984-ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை 'அமெரிக்க வாழ்க்கை அனுபவங்கள்' என்று பேசச் சொன்னார். அதைப் பேச இங்கே தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பனி கொட்டும், இட்லி மாவு புளிக்காது, அவ்வளவுதான். அதனால் நான் தொழில் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். முப்பது ஆண்டுக்கு மேல் ஹைட்ராலிக் வால்வு செய்யும் தொழிற்சாலைகளில் இருந்தவன் நான். ஆனால் இன்று பேசப்போவது தொழிற்சாலையைப் பற்றியும் அல்ல. என் பக்கத்து வீட்டுக்காரர் கார் ஷெட்டில் கட்டிய விமானத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த விமானத்தின் சக்கரத்தை ஏற்றி இறக்கும், ஒரு முழம் நீளமுள்ள சிலிண்டரைப் பற்றி.

வீட்டில் விமானம் கட்டுவதா என்று சிலர் சிரிக்கிறீர்கள். அமெரிக்காவில் இது பெரிய குடும்பம். நான் இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில்தான் 1953-இல் பால் போபெரெஸ்னி என்பவர் இப்படிக் கட்டுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். 1970 முதல் அந்தச் சங்கத்தின் கோடை விழா ஆஷ்கோஷ் என்ற ஊரில் நடக்கிறது. நம்மவர்களுக்கும் இது புதிதில்லை. 1910-லேயே சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி'ஏஞ்சலிஸ் என்பவர், தாம் வரைந்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் கட்டச் சொல்லிப் பறந்து காட்டினார். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் நின்றது.

அமெரிக்கச் சட்டம் சொல்வது இதுதான். விமானத்தின் பெரும்பகுதியை, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்கள் தாமே செய்திருக்க வேண்டும். ஏறும் இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று குறைந்தது 2 அங்குல எழுத்தில் எழுத வேண்டும். சாதாரண விமானத்துக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்று பயணியின் கண்ணில் படும்படி ஒரு எச்சரிக்கைத் தகடும் வேண்டும். இதற்குள் போடும் ஒவ்வொரு உறுப்புக்கும் அரசு முத்திரை தேவையில்லை. நீங்களே லேத்தில் கடைந்து போடலாம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இதன் மறுபக்கம், பிசகினால் கை காட்ட ஆள் கிடையாது.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போது 68 வயது. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேர் அமரும், சக்கரம் மடங்கும் விமானம். ஒன்பது ஆண்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். பாதி வழியில் அந்தக் கிட்டை விற்ற கம்பெனியை மூடிவிட்டார்கள். இறக்கை இருந்தது, என்ஜின் இருந்தது, சக்கரக் காலும் இருந்தது. அதை மடக்கும் மூன்று சிலிண்டர்கள் வரவில்லை. வரைபடமும் அரைகுறை. ஒருநாள் வேலி ஓரம் நின்று, "உனக்கு ஹைட்ராலிக்ஸ் தெரியுமாமே?" என்று கேட்டார். 2012-ஆம் ஆண்டு அது.

முதல் வாரம் நாங்கள் எதையும் கடையவில்லை. எதைச் செய்வது, எதை வாங்குவது என்று ஒரு தாளில் எழுதினோம். பம்பும் மோட்டாரும் சேர்ந்த பவர் பேக், ரப்பர் ஹோஸ், ரிலீஃப் வால்வு, பைப் முனையில் போடும் ஃபிட்டிங், சீல்கள், பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் — இவை வாங்க வேண்டியவை. சிலிண்டர் குழல், பிஸ்டன், முனை மூடி, தாங்கும் பிராக்கெட், ஆயில் டப்பா — இவை நாங்கள் செய்யக்கூடியவை. எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்ற வீம்பு சிலருக்கு உண்டு. ரிலீஃப் வால்வை வீட்டில் செய்கிறவரைக் கண்டால் நான் விலகி நடப்பேன். அதன் ஸ்பிரிங்கை நம்பி மற்ற எல்லாமே இருக்கின்றன.

இப்போது கணக்கு. தம்பிகளே, பாஸ்கல் விதி உங்களுக்குப் பரீட்சையில் 2 மார்க். குழலின் உள்விட்டம் 25 மி.மீ., அழுத்தம் 70 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் தள்ளும் விசை சுமார் 350 கிலோ. 12 மி.மீ. கம்பி பிஸ்டனின் ஒரு பக்கத்தில் இடத்தை அடைத்துக்கொள்வதால், இழுக்கும்போது 270 கிலோதான். குழல் வெடித்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். 3 மி.மீ. சுவருள்ள 6061-டி6 அலுமினியக் குழலில் வரும் தகைவு 30 மெகாபாஸ்கல்கூட இல்லை. அந்த உலோகம் 275 வரை தாங்கும். ஆக, வெடிப்பது நம் கவலை இல்லை.

கவலை எங்கே? கம்பியில். எடை குறையட்டும் என்று நண்பர் 8 மி.மீ. கம்பி போடலாம் என்றார். இழுவைக்கு அது தாராளம். ஆனால் தள்ளும்போது? வளைவதற்கு இடமுள்ள நீளம் 40 செ.மீ. என்றால், ஆய்லர் சூத்திரப்படி 8 மி.மீ. எஃகுக் கம்பி சுமார் 250 கிலோவிலேயே வளைந்துவிடும். நம் பிஸ்டனோ 350 கிலோ தள்ளுகிறது. பம்பே கம்பியை வில்லாக வளைத்துவிடும்! 10 மி.மீ. போட்டால் 600 கிலோவுக்கு மேல் தாங்கும், 12 போட்டால் 1,280. விட்டத்தின் நான்காம் அடுக்கு அங்கே வேலை செய்கிறது. 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' வகுப்பில் நாங்கள் பின்பெஞ்சில் தூங்கிய அதே பாடம். சார் முன்னால் இருக்கிறார், அவருக்கு இது தெரியும்.

அடுத்தது அந்தக் கருப்பு வளையம், ஓ-ரிங். சைக்கிள் டியூப் வாஷர் மாதிரிதானே என்று நினைக்காதீர்கள். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-இல் விண்ணப்பித்து 1939-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். ஓய்வு பெற்றவர்கள் கவனிக்க.

மாணவர்கள் செய்கிற பொதுவான தப்பு, வளையம் காடியை முழுக்க நிரப்ப வேண்டும் என்று நினைப்பது. ரப்பர் வடிவம் மாறும், பருமன் மாறாது. அதை நசுக்கினால் பக்கவாட்டில் பிதுங்க இடம் வேண்டும். 3.53 மி.மீ. தடிமனுள்ள வளையத்துக்கு, அசையும் இடத்தில், இடைவெளியையும் சேர்த்து ஆழம் 3.1 மி.மீ., அகலம் 4.8 மி.மீ. போல வரும். அதாவது நூற்றுக்கு 12 பங்கு நசுங்கல், பக்கத்தில் காலி இடம். ஆயில் அழுத்தம் வரும்போது வளையம் காடியின் ஒரு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டு தானே அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் அடைப்பும் இறுகும். பிஸ்டனுக்கும் குழலுக்கும் நடுவே விட்டத்தில் 0.08 முதல் 0.15 மி.மீ. இடைவெளி. அதற்கு மேல் போனால் ரப்பர் அந்தச் சந்துக்குள் பிதுங்கிக் கடிபடும். குழலின் உள்முகம் கண்ணாடி மாதிரி, 0.4 மைக்ரானுக்குள். லேத்தில் போர் போட்டு எமரி பேப்பர் தேய்த்தால் இது வராது, ஹோனிங் செய்ய வேண்டும்.

எந்த ரப்பர் என்பது இன்னொரு கதை. சிறு விமானங்களில் 5606 என்ற எண்ணுள்ள சிவப்பு ஆயில் போடுவார்கள். அது மண்ணெண்ணெய் ஜாதி, அதாவது மினரல் ஆயில். அதற்கு நைட்ரைல் ரப்பர். கார் பிரேக்கில் போடும் டாட்-3 கிளைகால் ஜாதி, அதற்கு ஈ.பி.டி.எம். ரப்பர். இரண்டு ரப்பரும் கருப்பு, இரண்டும் வளையம், கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. எங்களுக்கு ஒரு கடையிலிருந்து வந்த பொட்டலத்தில் லேபிள் இல்லை. தொலைபேசியில் கேட்டால் "நைட்ரைல்தான்" என்றார்கள். நண்பர் ஊறுகாய் பாட்டிலில் சிவப்பு ஆயிலை ஊற்றி, ஒரு வளையத்தைப் போட்டு ஜன்னலில் வைத்தார். பக்கத்தில் இன்னொரு பாட்டிலில், சான்றிதழோடு வந்த நைட்ரைல் வளையம். ஒரு வாரம் கழித்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கவே தேவைப்படவில்லை. லேபிள் இல்லாதது ஊறிப்போன வடை மாதிரி உப்பிக் கிடந்தது. முழுப் பொட்டலமும் குப்பைக்குப் போனது. அது பிஸ்டனில் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் காடிக்குள் இறுகி, சக்கரம் பாதியில் நின்றிருக்கும்.

பைப் முனையிலும் இதே இரட்டைப் பிள்ளைச் சிக்கல் உண்டு. விமான ஃபிட்டிங்கின் முனை 37 டிகிரி சரிவு, கார் ஃபிட்டிங் 45 டிகிரி. மாற்றிப் போட்டாலும் மரை இறுகும், பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் முகம் முகத்தோடு ஒட்டாமல் ஒரு கோட்டில்தான் தொடும். என்றைக்கோ ஒருநாள் அதிர்வில் விரிசல் விடும். அதனால் கார் கடையில் வாங்கிய ஃபிட்டிங் எதுவும் ஷெட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று வைத்தோம்.

மூன்று சிலிண்டரும் 2013 மே மாதம் தயார். குழலின் உள்ளே ஹார்டு அனோடைசிங், கம்பியில் ஹார்டு குரோம், பார்க்கவே அழகு. கைப்பம்பை இணைத்து 105 பார், அதாவது வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றினோம். காற்றை வைத்துச் சோதிக்கவே கூடாது. அழுத்திய காற்று உடைந்தால் குண்டு, ஆயில் உடைந்தால் ஒரு சொட்டு. மூன்றும் தாங்கின. வெளியே ஒரு துளி இல்லை. நண்பர் மனைவி கேக் செய்து கொண்டுவந்தார்.

ஆனால் பிஸ்டன் சீல் போனால் வெளியே தெரியாது. ஒரு பக்க ஆயில் உள்ளுக்குள்ளேயே மறுபக்கம் போய்விடும். ஆகவே ஒரு பக்கம் அழுத்தம் கொடுத்து மறுபக்கத் துளையைத் திறந்துவைத்துப் பார்க்க வேண்டும். அதையும் ஒரு தடவை அல்ல. பழைய மோட்டாரையும் டைமரையும் கட்டி, ஒவ்வொரு சிலிண்டரையும் 1,000 தடவை நீட்டி மடக்கினோம். ஷெட்டில் பத்து நாள் 'டொக், டொக்' சத்தம்.

இரண்டு சிலிண்டர்கள் சுத்தம். மூன்றாவது, இடது காலுக்கானது, 700-க்குப் பிறகு மறுபக்கத் துளையில் ஈரம் காட்டியது. வடிந்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றினால் மிளகுத்தூள் மாதிரி கருப்புப் புள்ளிகள். பிரித்துப் பார்த்தோம். ஆயில் நுழையும் துளையை நண்பர் ஹோனிங்குக்குப் பிறகு போட்டிருக்கிறார். துளையின் உள்விளிம்பில் முடியளவு பிசிறு. பிஸ்டன் ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் வளையத்தைக் கொறித்திருக்கிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. ஒடிந்த பிசிறு பிஸ்டனோடு சேர்ந்து ஓடி, குழல் சுவரில் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல் போட்டிருந்தது. நகத்தால் தடவினால் தட்டும்.

ஆஷ்கோஷ் விழாவுக்கு ஆறு வாரம் இருந்தது. பறந்து போவதற்கில்லை, அது அவருக்கும் தெரியும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய், முழுசாக முடிந்த விமானம் என்று நிறுத்திக் காட்ட வேண்டும் என்பது ஆசை. "பிசிறை எடுத்துவிட்டுப் புது வளையம் போட்டால் போதும், கீறலை ஹோனிங்கில் எடுத்துவிடலாம், கொஞ்சம் பெரிய பிஸ்டன் கடைந்துகொள்ளலாம்" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. பெரிய பிஸ்டன் போட்டால் இடைவெளி சரியாகிவிடும்தான். ஆனால் கீறலின் ஆழம் போகும்வரை தேய்த்தால் அனோடைசிங் படலமும் போய்விடும். அந்தப் படலமே மயிரிழை கனம்தான். அது போனால் மெத்து அலுமினியத்தின் மேல் ரப்பர் ஓடும். அடுத்த தூசியே அடுத்த கீறல். நான் முடியாது என்றேன். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்.

நீங்கள் ஒன்று யோசிக்க வேண்டும். மூன்று சக்கரமும் இறங்காவிட்டால் விமானம் வயிற்றால் உரசிக்கொண்டு ஓடுபாதையிலேயே நிற்கும். புரொப்பெல்லர் போகும், பணம் போகும், ஆள் பெரும்பாலும் நடந்து வந்துவிடுவார். ஒரு பக்கக் கால் மட்டும் இறங்காவிட்டால் இறக்கை தரையில் குத்தி விமானம் சுற்றும். இரண்டு நல்ல சிலிண்டரும் ஒரு சந்தேகச் சிலிண்டரும் சேர்ந்தால், மூன்றும் கெட்டதைவிட மோசம். அவருடைய மனைவியிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

எட்டாவது நாள் நண்பர் புதுக் குழலை வாங்கிக்கொண்டு என் வாசலில் நின்றார். இந்தத் தடவை துளையை முதலில் போட்டு, விளிம்பை உருண்டையாக வழித்து, கடைசியில் ஹோனிங். மற்ற இரண்டையும்கூடப் பிரித்து, பூதக்கண்ணாடியில் துளை விளிம்பைப் பார்த்தோம். அவை சுத்தமாகத்தான் இருந்தன. அந்த ஆண்டு விழாவுக்கு அவர் விமானமில்லாமல், காரில் போய் வந்தார்.

குளிரையும் சோதித்தோம். 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் விழுந்ததற்கு, குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங் காரணம் என்று கண்டார்கள். அது வேறு வேலை, வேறு அளவு; ஆனால் ரப்பர் ரப்பர்தான். எங்கள் ஊரில் ஜனவரியில் சுழிக்குக் கீழே 20 டிகிரி சாதாரணம். சிலிண்டரை டீப் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்து, எடுத்த உடனே அழுத்தம் கொடுத்தோம். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஹைட்ராலிக் சிலிண்டர்! முதல் இரண்டு அசைவு சோம்பலாக இருந்தது, கசியவில்லை.

வெயில் அதைவிடப் பொல்லாதது. இரண்டு பக்கமும் அடைபட்ட ஆயில் சூடானால் போக இடமில்லை. கெட்டியான பாத்திரத்துக்குள் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 10 பார் ஏறும். குழலும் ஹோஸும் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் நடைமுறையில் அவ்வளவு வராது. இருந்தாலும் மத்தியானம் வெயிலில் நிறுத்திய விமானத்தில் 30 டிகிரி ஏறுவது பெரிய விஷயமா? பம்ப் ஓடாமலேயே வேலை அழுத்தத்தைத் தாண்டிப் போய்விடும். அதற்குத்தான் தெர்மல் ரிலீஃப் வால்வு. சென்னையில் கட்டுகிறவர்கள் இதை இரண்டு தடவை அடிக்கோடிட வேண்டும்.

பிரேக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. மாஸ்டர் சிலிண்டரை வாங்கிவிட்டோம், அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்தால், பிராக்கெட்டில் பிரச்சினை இருக்கும். மிதியை விட்டதும் பிஸ்டன் முழுசாகத் திரும்பி வந்தால்தான் ஆயில் டப்பாவுக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். பிராக்கெட் 2 மி.மீ. தள்ளி இருந்து மிதி முழுசாகத் திரும்பாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும். டிஸ்க் காயும். மேலே சொன்ன சிவப்பு ஆயில் தீப்பிடிக்கக்கூடியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2014 ஜூனில் விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை 50 தடவை ஏற்றி இறக்கினோம். அதில் பத்துத் தடவை பம்பை அணைத்துவிட்டு, அவசர வால்வைத் திறந்து, தன் எடையிலேயே கால் விழுகிறதா என்று பார்த்தோம். சோதனைப் பறத்தல் 40 மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை பயணி யாரும் ஏறக் கூடாது. முதல் இரண்டு பறத்தலிலும் சக்கரத்தை மடக்கவே இல்லை, அனுபவமுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மூன்றாவது பறத்தலில் மடக்கினார். நாங்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று கால்களும் இறங்கி, மூன்று பச்சை விளக்கும் எரிந்ததாக ரேடியோவில் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் 40 மணி நேரம் முடிந்தது. அடுத்த வசந்தத்தில் அவர் மனைவி பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். எச்சரிக்கைத் தகட்டைப் படித்துவிட்டுத்தான் பெல்ட்டைப் போட்டார்.

நான் பேசியது போதும். அந்தக் கீறல் விழுந்த குழலைப் பாதியாக அறுத்து, துளையின் விளிம்பு தெரியும்படி கொண்டுவந்திருக்கிறேன். கொறிபட்ட வளையமும், இரண்டு பாட்டில்களும் அதோ அந்த மேசையில் இருக்கின்றன. கையில் எடுத்துப் பாருங்கள், நகத்தால் தடவிப் பாருங்கள். துறைத் தலைவர் சம்மதித்தால் அவற்றை நம் ஹைட்ராலிக்ஸ் ஆய்வகத்துக்கே விட்டுப் போகிறேன். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, கேள்வி இருந்தால் கேளுங்கள்.